மடையானின் கண்

எங்கள் ஊரில் அதற்குப் பெயர் குருட்டுக் கொக்கு. மன்னார்குடிக்குத் தெற்கே, காவிரித் தண்ணீர் போய்ச் சேரும் கடைசி வாய்க்கால்களில் ஒன்றை நம்பியிருக்கும் கடைமடை ஊர் எங்களுடையது. எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது, பெரியப்பா மடை பார்க்கப் போனால் நானும் வரப்பில் அவர் பின்னாலேயே போவேன். மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் முன்னால் நடப்பார். வரப்போரத்தில் சேற்றின் நிறத்திலேயே ஒன்று கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு நிற்கும். நாங்கள் நெருங்குவோம். பத்தடி, எட்டடி, ஐந்தடி. அது அசையாது. மிதித்துவிடுவோமோ என்று நான் தயங்கி நிற்கும் நொடியில் கரகரத்த ஒரு கத்தலோடு எழும்பும். எழும்பியதும் நிறமே மாறிவிடும். அதுவரை மண்ணாங்கட்டி போல இருந்தது, தும்பைப் பூ வெள்ளையில் இரண்டு சிறகுகளை விரித்துக்கொண்டு அடுத்த வரப்பில் போய் இறங்கும். சிறகை மடித்தவுடன் மறுபடியும் மண்ணாகிவிடும். “நாம் வருவது தெரிந்தும் அது ஏன் பெரியப்பா முன்னாலேயே பறக்கவில்லை?” என்று கேட்டேன். “அதற்குக் கண் தெரியாதம்மா. பக்கத்தில் போனால்தான் தெரியும். அதனால்தான் குருட்டுக் கொக்கு” என்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதை நம்பினேன்.

போன ஐப்பசிக்குப் பிறகு அந்தப் பெயர் என் வாயில் வருவதில்லை. யாராவது சொன்னால் உடம்பு கூசுகிறது.

அந்தப் பெயரை நாம் மட்டும் வைக்கவில்லை. இந்தியில் அதை அந்தா பகுலா என்கிறார்கள். சிங்களத்தில் கண கொகா. இரண்டிலும் குருடு இருக்கிறது. ஒருவர் சொல்லி மற்றவர் கேட்டிருக்க வேண்டும் என்பதில்லை. நெல் விளையும் இடங்களில் எல்லாம் மனிதர்கள் வரப்பில் நடந்தார்கள், அது ஐந்தடி தூரம் வரை அசையாமல் நின்றது, எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். 1832இல் கர்னல் சைக்ஸ் தக்காணத்துப் பறவைகளைப் பட்டியலிட்டபோது, லண்டன் விலங்கியலாளர் ஜான் எட்வர்ட் கிரேயின் பெயரை இதற்குச் சூட்டி அறிவியல் உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார். நம்மிடம் மடையான் என்ற இன்னொரு பெயரும் இருக்கிறது. மடையில் நிற்பதால் மடையான் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் மடையன் என்ற வசைக்கும் இதற்கும் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். பறவை பார்க்கப் புதிதாக வரும் பிள்ளைகள் இந்தப் பெயரைக் கேட்டதும் சிரித்துவிடுகிறார்கள். ஒரு பெயரில் குருடு, இன்னொரு பெயரில் முட்டாள் என்று கேட்கிறவர் காதில் விழுகிறது. இவ்வளவு பக்கத்தில் வாழும் ஒரு பறவைக்கு நாம் கொடுத்திருப்பது இதுதானா என்று எனக்கு வருத்தம் உண்டு.

கொக்கு என்றதும் மனத்தில் எழுகிற நெட்டைக் கழுத்தும் ஒடிசலான உடம்பும் இதற்கு இல்லை. ஒன்றரை அடி நீளம் இருந்தால் அதிகம். கட்டையான உடம்பு, தடித்த கழுத்து. உள்ளிழுத்துக்கொண்டால் தலை தோளிலிருந்தே முளைத்தது போலத் தோன்றும். முதுகு சாம்பல் கலந்த பழுப்பு. தலையிலும் கழுத்திலும் மார்பிலும் வெளிறிய நிறத்தின் மேல் கரும்பழுப்புக் கோடுகள், காய்ந்த கோரையின் நிழல் விழுந்தது போல. அலகு மஞ்சள், அதன் நுனி கறுப்பு. கண்ணைச் சுற்றிய வளையம் பளிச்சென்ற மஞ்சள். கால்கள் மங்கிய பச்சை. சிறகும் வாலும் மட்டும்தான் வெள்ளை. நிற்கும்போது அந்த வெள்ளை பழுப்புக்குள் ஒளிந்துகொள்கிறது.

இனப்பெருக்கக் காலத்தில் இதே பறவையைப் பார்த்தால் வேறு ஏதோ தேசத்திலிருந்து வந்ததோ என்று நினைப்பீர்கள். முதுகு முழுக்க அரக்கு நிறம். பெட்டியின் அடியில் பல காலம் மடித்து வைத்த பட்டுச் சேலையின் அரக்கு. தலையும் கழுத்தும் கோடுகள் எல்லாம் போய்ச் சந்தன மஞ்சளாகிவிடும். பிடரியிலிருந்து வெள்ளை இழைகள் இரண்டு மூன்று நீண்டு தொங்கும். அலகின் அடிப்பகுதி நீலமாகும். சிலவற்றுக்குக் கால்கூடச் சில நாட்கள் சிவந்திருக்கும். எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் பக்கத்துப் புளியமரத்தில் அவை கூடு கட்டும். ஆண் சுள்ளியைக் கொண்டுவந்து கொடுக்கும், பெண் வாங்கிச் செருகும். கீழே நின்று பார்த்தால் தட்டு போன்ற அந்தக் கூட்டின் இடுக்கு வழியே வெளிர்நீலப் பச்சை முட்டை தெரிந்துவிடும், அவ்வளவு சன்னமாகக் கட்டும். மரத்தடி முழுவதும் எச்சமும் மீன் நாற்றமும்தான். சின்ன வயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். இப்போது ஊருக்குப் போனால் முதலில் அந்த மரத்தடிக்குத்தான் போகிறேன்.

தினைத்தாள் போன்ற கால்

என் நம்பிக்கையில் முதல் விரிசலை உண்டாக்கியது ஒரு பழைய பாட்டு. குறுந்தொகையில் கபிலர் பாடிய ‘யாரும் இல்லை, தானே கள்வன்’ பாட்டு பலருக்கும் தெரிந்ததுதான்: தலைவன் தன்னோடு கூடிய நாளில் அங்கே வேறு யாரும் இல்லை, அவன் சொன்ன சொல் மாறினால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. தலைவி சொல்லும் அந்த ஒரே சாட்சி, ஒழுகும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த குருகு. கல்லூரி நாட்களிலிருந்து அந்தக் குருகை வெள்ளைக் கொக்காகவே நினைத்து வந்தேன். பாட்டுக்குப் படம் வரைகிறவர்களும் தூய வெள்ளையில் ஒன்றை நிறுத்தி வைக்கிறார்கள். ஒரு தை மாதக் காலையில் மதகின் கல்மேல் உட்கார்ந்து மடையானைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கபிலரின் அடி தானாக நினைவுக்கு வந்தது: ‘தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால’. தினையின் தாளைப் போன்ற சிறிய பச்சைக் கால். நம் வயல்களில் நிற்கும் வெள்ளைக் கொக்குகளின் கால்களைப் பாருங்கள். சின்னக் கொக்குக்குக் கறுப்புக் கால், பாதம் மட்டும் மஞ்சள். பெரிய கொக்குக்கும் கறுப்புக் கால். மாட்டின் பின்னால் திரியும் உண்ணிக்கொக்குக்கும் கருமை படிந்த கால்தான். என் முன்னால் நின்றிருந்ததற்கு மட்டும் கால் பச்சை, தினைத்தாள் பருமன், தினைத்தாள் நிறம்.

பச்சைக் கால் உள்ள கொக்கினம் வேறு ஒன்றிரண்டும் இருக்கின்றன. ஆகவே கபிலர் கண்டது மடையான்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஓடும் நீரின் ஓரத்தில், மனிதர் பக்கத்திலேயே இருந்தும் கவலைப்படாமல், மீனையே பார்த்துக்கொண்டு நிற்பது இதன் இயல்பு. இரண்டு பேர் தன்னருகே கூடியிருக்கும்போதும் பறக்காமல் இருந்த கொக்கு என்றால், எனக்குத் தெரிந்து அந்த வேலையை இதைவிட நன்றாகச் செய்யக்கூடியது வேறில்லை. வெள்ளைக் கொக்காக இருந்திருந்தால் அவர்கள் வரும்போதே பறந்திருக்கும். அப்படிப் பார்த்தால் தலைவியின் துயரம் இன்னும் கனக்கிறது. நகராமல் அங்கேயே நின்ற ஒரே உயிர் அது. அதன் கண்ணோ தண்ணீரில் இருந்தது.

அன்று எழுந்து வந்த பிறகும் ஒரு கேள்வி விடவில்லை. நீருக்குள் ஓடும் ஆரலைக் கரையில் நின்றபடி பார்க்கிற ஒன்றை எப்படிக் குருடு என்று சொன்னோம்?

தண்ணீருக்கு முன்னால் வருவது

ஜூன் 12ஆம் தேதி மேட்டூரில் தண்ணீர் திறந்தால், அது கிளை ஆறுகளும் வாய்க்கால்களும் கடந்து எங்கள் ஊருக்கு வரப் பல நாட்கள் ஆகும். சில ஆண்டுகளில் வருவதே இல்லை. வாய்க்கால் காய்ந்து கிடக்கும் கோடையில் மடையான்கள் குளத்தின் மிச்சச் சேற்றில் கூடிவிடும். தண்ணீரின் முதல் நாக்கு சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வாய்க்காலில் வரும் அன்று, அதற்குச் சற்று முன்னால் அடியடியாக நடந்து வருவது மடையான்தான். வெடிப்புகளில் ஒளிந்திருந்த பூச்சியும் தவளையும் வெளியே ஓடிவரும் என்று அதற்குத் தெரியும். சேற்றுழவு நடக்கும்போது டிராக்டருக்குப் பின்னால் நிற்கும். நடவு முடிந்து பயிர் முழங்கால் உயரம் வரும் வரை வயலுக்குள் இருக்கும். பயிர் அடர்ந்தபின் வரப்புக்கும் மடைக்கும் திரும்பும். நண்டு, நத்தை, தலைப்பிரட்டை, அயிரை, வெட்டுக்கிளி எதுவானாலும் அதற்குச் சரி. நகரத்துச் சாக்கடைக் கால்வாயிலும், கோயில் தெப்பக்குளத்துப் படியிலும், அலையாத்திக் காட்டின் உப்புச் சேற்றிலும் பார்த்திருக்கிறேன். ஈரானின் தென்பகுதியில் தொடங்கி மியான்மர் வரைக்கும், தெற்கே இலங்கை, மாலத்தீவு வரைக்கும் இருக்கிறது. கணுக்கால் அளவு தண்ணீர் தேங்கினால் போதும், அது அங்கே நிற்கும்.

‘ஓடுமீன் ஓட உறுமீன் வருமளவும்’ என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த மூதுரை வெண்பாவில் கொக்கு நிற்கும் இடம் மடைத்தலை. எங்கள் மடைத்தலையில் நிற்பது பெரும்பாலும் மடையான். அதனால் அந்த வெண்பாவின் கொக்கும் இதுவே என்று எனக்குத் தோன்றும். ஆனால் பார்த்த வரைக்கும் சொல்கிறேன், அது பெரிய மீனுக்காகச் சின்ன மீனை விட்டுவிடுவதில்லை. ஒரு முறை மதகடியில் அது கொத்துவதை விரல்விட்டு எண்ணத் தொடங்கி, எண்ணி முடியாமல் விட்டுவிட்டேன். எல்லாமே சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத பொடிகள். அது பொறுமையாக இருப்பது பெரிதாக ஒன்று வரும் என்ற ஆசையினால் அல்ல, சரியான தூரத்துக்கு ஏதாவது ஒன்று வரட்டும் என்றுதான். உலகத்தில் பாதிப் பேர் அந்த வெண்பாவைச் சாமர்த்தியத்துக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். அதே வெண்பா, அடக்கமாக இருப்பவரை அறிவில்லாதவர் என்று எண்ணிவிட வேண்டாம் என்றுதானே தொடங்குகிறது? அந்த முதல் அடியை மறந்துவிட்டோம்.

நீருக்குள் இருப்பதைக் கரையிலிருந்து கொத்துவது எளிய காரியம் இல்லை. டம்ளர் தண்ணீரில் கரண்டியைப் போட்டால் வளைந்து தெரிகிறதே, அதே போல மீனும் அது இல்லாத இடத்தில் தெரியும். தெரிகிற இடத்தில் கொத்தினால் அலகில் தண்ணீர்தான் கிடைக்கும். கொக்கினப் பறவைகள் இந்தப் பிழையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு கொத்துவதை ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தரையிலேயே பெரும்பாலும் இரை தேடும் உண்ணிக்கொக்கு இதில் மற்றவற்றைவிடப் பின்தங்கியது. தண்ணீரில் வேட்டையாடுபவை தேறின. அவற்றில் மடையானின் மிக நெருங்கிய உறவான, ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் வாழும் ஸ்குவாக்கோ கொக்கும் ஒன்று. அதே உறவுக்காரப் பறவையின் பார்வைப் பரப்பையும் அளந்திருக்கிறார்கள். அலகைத் தரைக்கு இணையாக நீட்டிக்கொண்டு நிற்கும்போதே, தலையைக் குனியாமல், தன் காலடியில் இருப்பதை இரண்டு கண்களாலும் சேர்த்துப் பார்க்க அதனால் முடிகிறது. எதிரே பார்த்தபடி இருந்தாலும் அதன் பார்வை காலைச் சுற்றி ஓடும் மீனின் மேலும் இருக்கும். இதைப் படித்த அன்று பெரியப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்படியானால் நாம் வருவதும் அதற்குத் தெரிந்திருக்கிறது” என்றார்.

ஆமாம். பத்தடியில் நாங்கள் வருவது தெரிந்தேதான் அது நின்றிருக்கிறது. தன் நிறத்தை நம்பி நின்றிருக்கிறது. எழும்பினால் வெள்ளை தெரிந்துவிடும், அசையாமல் இருந்தால் மண்ணோடு மண்ணாக இருக்கலாம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்த அந்த ஐந்தடி முழுவதும் அதுவும் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது.

ஐப்பசிக் காலை

போன ஐப்பசியில் நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு விடியற்காலை. அண்ணன், பெரியப்பாவின் மகன், நடவுக்காகச் சேறடித்து வைத்திருந்த வயலைப் பார்க்கப் போனார். நானும் போனேன். எங்கள் வயலுக்கு மூன்று வயல் தள்ளி, தண்ணீர் தேங்கிய தரிசில் மடையான் ஒன்று தனியாக நின்றிருந்தது. கேமரா கையில் இருந்ததால் நெருங்கினேன். பத்தடி. எட்டடி. ஐந்தடி. சின்ன வயதில் எண்ணியது போலவே எண்ணிக்கொண்டு போனேன். மூன்றடி. அது பறக்கவில்லை. கை நீட்டினால் தொட்டுவிடலாம். அப்போதும் பறக்கவில்லை. நான் குனிந்தேன். காலில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனை சேற்றில் அடித்த முளையில். சுற்றிலும் ஈர்க்குச்சிகளில் வரிசையாக நைலான் கண்ணிகள். பறவையின் முகத்தை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். கீழ் இமை இரண்டையும் மேலே இழுத்து, ஊசியால் நூல் கோத்து, அந்த நூலை உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

கண் தெரிந்தால் அது ஆளைப் பார்த்துச் சிறகடிக்கும். சிறகடித்தால் மேலே பறப்பவை இறங்கி வராது. கண் தெரியாமல் நின்றால், ஒரு மடையான் அமைதியாக நிற்கிறது, இங்கே பயமில்லை என்று நம்பி மற்றவை வந்து இறங்கும். இறங்கினால் கண்ணி. இதை எனக்கு விளக்கிச் சொன்னது அண்ணன். அவருக்குத் தெரிந்திருந்தது. ஊரில் பலருக்கும் தெரிந்திருந்தது. கறிக்காகப் பிடித்து, சாலை ஓரத்தில் கால்களைக் கட்டித் தொங்கவிட்டு விற்பார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் விடியற்காலை.

கண்ணி வைத்தவர் தூரத்துக் கருவேல மர நிழலில் உட்கார்ந்திருந்தார். இருபது இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். எங்களைப் பார்த்து ஓடவில்லை. நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். “இதன் கண்ணை ஏன் தைத்தாய்?” என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, எந்தத் திமிரும் இல்லாமல், ஒரு குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்: “இது குருட்டுக் கொக்குதானே அக்கா. இதற்கு எப்படியும் கண் தெரியாது.”

பெரியப்பா சொன்ன அதே சொல். எங்கள் வீட்டுச் சொல். அவரைத் திட்டுவதற்காக வாய்க்குள் வைத்திருந்த எதையும் என்னால் வெளியே எடுக்க முடியவில்லை. அவருக்கும் யாரோ ஒரு பெரியப்பா வரப்பில் நடந்தபடி சொல்லியிருப்பார். அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வனத்துறைக்கு அண்ணன் தகவல் சொன்னார்; வந்து கண்ணிகளை எடுத்துப் போனார்கள். பறவையை நாங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தோம்.

அண்ணி பிடித்துக்கொள்ள, நகம் வெட்டும் சிறிய கத்தரியால் நான்தான் நூலை வெட்டினேன். அலகு கண்ணைக் குத்திவிடும் என்று அண்ணி அதன் தலையைத் துணியால் போர்த்திப் பிடித்திருந்தார். இடது இமை சுலபமாக இறங்கியது. இமை விலகியதும் அந்த மஞ்சள் வளையமும் நடுவில் கறுப்புப் புள்ளியும் நேராக என்மேல் நின்றன. அவ்வளவு அருகில் அந்தக் கண்ணை அதுவரை பார்த்ததில்லை. வலது இமையில் நூல் சதையோடு சேர்ந்து ஆறியிருந்தது. வெட்டியபோது கிழிந்து ரத்தம் வந்தது. பக்கத்து ஊர்க் கால்நடை மருத்துவர் களிம்பு கொடுத்தார், அந்தக் கண் முழுதாகத் திறக்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். கோழிப் பஞ்சாரத்துக்குள் இரண்டு நாள் வைத்திருந்தோம். வாளியில் விட்ட அயிரையை அது தொடவில்லை. பெரியப்பா திண்ணையிலிருந்து பஞ்சாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பெயரைச் சொல்லி அவர் ஒன்றும் பேசவில்லை. “அது” என்று மட்டும் சொன்னார். “அதற்குத் தண்ணீர் ஓட வேண்டும். வாளியில் சாப்பிடாது. மடையில் கொண்டு விட்டுவிடம்மா.”

மூன்றாம் நாள் காலையில் மதகுக்குக் கீழே, தண்ணீர் மெல்ல இறங்கும் இடத்தில் பஞ்சாரத்தைத் தூக்கினேன். அது பறக்கவில்லை. நான்கைந்து அடி நடந்து, பாசி படிந்த கல்லின் மேல் ஏறி நின்றது. தலையைச் சாய்த்து இடது கண்ணை நீருக்குக் கொண்டுவந்தது. கழுத்து மெதுவாக உள்ளே போனது. கொத்தியது, அலகு வெறுமையாக வந்தது. மறுபடி நின்றது. மறுபடி கொத்தியது, அதுவும் தவறியது. நான் பின்வாங்கி, பூவரச மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். வெயில் ஏறி, நடவுக்குப் பெண்கள் வரப்பில் வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் முன்னால் வந்தவர் கல்லுக்கு ஐந்தடி தூரத்தில் வந்தபோது அது எழும்பி, வெள்ளையாக விரிந்து, எதிர்க்கரையில் இறங்கி, மண்ணாகி நின்றது. அங்கிருந்து மூன்றாம் முறை கழுத்தை நீட்டியதை மரத்தின் பின்னாலிருந்து பார்த்தேன். தொண்டையில் ஏதோ சிறிதாக இறங்கியது.